ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீட்டுக்கு 92 லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. சென்னை பெரம்பூரில் 22,000 ரூபாய் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஐ.டி. வேலை. கையில் வரும் சம்பளம் 1.35 லட்சம். ஜூன் மாதம் கோவை சரவணம்பட்டி அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போகிறேன். மனைவி பள்ளி ஆசிரியை. கோவையில் வேலை தேட வேண்டும். மகள் ஏழாம் வகுப்பு போகிறாள். என் அம்மாவும் எங்களுடன் இருக்கிறார். டெபாசிட் 21 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 14 லட்சம், பி.எஃப். 10 லட்சம் இருக்கிறது. கடன் எதுவும் இல்லை. கோவையில் கணபதி என்ற பகுதியில் 4 சென்ட்டில் 1997-ல் கட்டிய தனி வீடு 92 லட்சம் சொல்கிறார்கள். கீழே 1,150 சதுர அடி, மாடியில் ஒரு அறை. அதே தெருவில் காலி மனை சென்ட் 19 லட்சத்துக்குப் போனதாம். இன்னொன்று கோவில்பாளையம் பக்கம் 3 சென்ட்டில் புது வில்லா, 74 லட்சம். ஒரு ஞாயிறு போய் இரண்டையும் பார்த்தோம். மனைவிக்கும் அம்மாவுக்கும் பழைய வீடுதான் பிடித்திருக்கிறது. வீட்டுக்காரர் இறந்துவிட்டார், மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். ஒரு மகன் அமெரிக்காவில். இரண்டு வாரத்தில் 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தால் முடித்துத் தருவதாகப் புரோக்கர் சொல்கிறார். மகள் கல்யாணமாகிப் போய்விட்டதால் அவர் கையெழுத்து தேவைப்படாது என்றும் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பழைய வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த விலைக்கு, இந்த அவசரத்தில் வேண்டாம் என்கிறேன்.

நீங்கள் வீடு பார்த்தது ஞாயிற்றுக்கிழமை. கணபதியில் ஞாயிறு என்பது பட்டறைகளுக்கு லீவு. லேத், வெல்டிங், சின்னச் சின்ன எஞ்சினியரிங் பட்டறைகள் வீடுகளோடு கலந்தே இருக்கும் ஏரியா அது. ஊரை வளர்த்ததே அந்தப் பட்டறைகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பக்கத்துச் சந்தில் ஒரு கிரைண்டிங் மிஷின் ஓடுகிறதா என்பது செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குப் போய் நின்றால்தான் தெரியும். நாள் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்கப்போவது உங்கள் அம்மா. அப்படியே காலை ஒன்பது மணிக்கு அங்கிருந்து சத்தி ரோட்டில் உங்கள் அலுவலகம் வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஞாயிறன்று நீங்கள் பார்த்த ரோடும் இதுவும் ஒன்றா என்று உங்களுக்கே சந்தேகம் வரும்.

அக்கம்பக்கத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருது?" என்பது. மாநகராட்சிக் குழாயில் வருவது நல்ல தண்ணி, போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி. கோவையில் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. போர் எத்தனை அடி, கோடையில் வற்றுகிறதா என்றும் கேளுங்கள். அடியில் பாறை உள்ள ஊர், ஆயிரம் அடி போட்டவர்களும் உண்டு. பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, செப்டிக் டேங்கா? சங்கனூர் பள்ளம் என்ற ஓடையை ஒட்டிய தெரு என்றால், ஐப்பசி மழையில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று எதிர்வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள். புரோக்கரைக் கேட்டால் இந்தத் தெருவில் மழையே பெய்ததில்லை என்பார்.

சரி, இப்போது விலைக்கு வருவோம். பழைய தனி வீட்டில் நீங்கள் காசு கொடுப்பது இரண்டு பொருளுக்கு: ஒன்று மண், இன்னொன்று கட்டடம். சென்ட் 19 லட்சம் என்பது உண்மையானால் 4 சென்ட் 76 லட்சம். அந்த விலையையும் வாய்ச்சொல்லாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் விற்க வந்திருக்கும் இரண்டு மூன்று மனைகளுக்கு விலை கேளுங்கள். மீதி 16 லட்சம் கட்டடத்துக்குக் கேட்கிறார்கள். இன்று சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று வைத்தால், கீழ்த்தளத்தைப் புதிதாகக் கட்ட 27.6 லட்சம் ஆகும். கட்டடத்தின் ஆயுள் 60 வருடம், அதில் பாதி கிட்டத்தட்டப் போய்விட்டது. ஆக மிச்ச மதிப்பு 14, 15 லட்சம். இதுவரை விற்பவர் கணக்கு சரி மாதிரித்தான் தெரியும். அவர் விட்டுவிடுவது ரிப்பேரை.

அந்த வயது வீட்டில் நான் முதலில் பார்ப்பது தலைக்கு மேலே. சில வருடம் முன்பு ஒரு நண்பருக்காக இதே வயது வீடு ஒன்றைப் பார்க்கப் போனேன். படுக்கையறைக் கூரையில் புது பெயின்ட், அதுவும் ஒரு மூலையில் மட்டும். மற்ற மூன்று மூலையும் பழைய வெள்ளை. மூலையில் நின்றிருந்த ஒட்டடைக்குச்சியை எடுத்து அந்த இடத்தைத் தட்டினேன். மற்ற இடங்களில் 'டக் டக்' என்றது, அங்கே மட்டும் 'டொப்' என்றது. இன்னொரு தட்டுக்கு உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி துருவேறி, தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. நண்பர் அந்த வீட்டை வாங்கவில்லை.

நீங்களும் தட்டிப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்தாமல் ஒரு சிவில் எஞ்சினியரைக் கூட்டிப் போங்கள். விற்பவரோ புரோக்கரோ சொல்லும் ஆள் வேண்டாம். சில ஆயிரம் ரூபாய்தான் கேட்பார். கூரை நன்றாக இருந்தாலும் கிட்டத்தட்ட முப்பது வருட வீட்டில் சில வேலைகள் தப்பாது. என் கணக்கில் மொட்டைமாடியில் தட்டோடு பதிக்க, நீர்க்கசிவை அடைக்க 1.5 லட்சம். எர்த்திங் இல்லாத பழைய வயரிங்கை முழுதாக மாற்ற 2 லட்சம். துருப்பிடித்த இரும்புக் குழாய்களும் இரண்டு பாத்ரூமும் சேர்த்து 3 லட்சம். கரையான் அரித்த வாசல் நிலை, ஜன்னலுக்கு 1 லட்சம், பெயின்ட் 1.5 லட்சம். மொத்தம் 9 லட்சம். இதைக் கழித்தால் கட்டடத்துக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது 5, 6 லட்சம்தான். ஆக இந்த வீட்டின் விலை 82 லட்சத்துக்குப் பக்கத்தில். எஞ்சினியர் கையில் எழுதித் தரும் ரிப்பேர் பட்டியலைக் காட்டிப் பேரம் பேசினால் விற்பவருக்கும் மறுத்துப் பேச அதிகம் இருக்காது.

82-க்கே முடிந்தாலும் உங்களால் இப்போது முடியுமா? 30 முதல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மதிப்பு நீங்கள் பேசிய விலை இல்லை, வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் விலை. மாடி அறைக்குப் பிளான் அனுமதி இல்லையென்றால் அதை அவர் கணக்கிலேயே எடுக்க மாட்டார். 78 லட்சம் போட்டால் கடன் சுமார் 62 லட்சம். பத்திரச் செலவு, ரிப்பேர் எல்லாம் உங்கள் கைக்காசு. விலையில் மீதி 20 லட்சம், முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமுமாக 7.4 லட்சம், ரிப்பேர் 9 லட்சம், கமிஷன், வக்கீல், வங்கிச் செலவு 2 லட்சம். மொத்தம் 38 லட்சத்துக்கு மேல். சொல்கிற விலை 92-க்கே வாங்கினால் இது 49 லட்சம் ஆகிவிடும்.

உங்களிடம் பி.எஃப். தவிர்த்து 35 லட்சம். பி.எஃப்.பைத் தொடாதீர்கள். ஊர் மாறும் குடும்பம், மனைவிக்கு இன்னும் வேலை உறுதியாகவில்லை, வீட்டில் வயதானவர். 5 லட்சம் அவசரத்துக்கு ஒதுக்கியே ஆக வேண்டும். மிச்சம் 30. எட்டு லட்சம் துண்டு விழுகிறது. அதைப் பர்சனல் லோன் போட்டு அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து விலகி நில்லுங்கள். 62 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருட இ.எம்.ஐ. சுமார் 53,800 ரூபாய். ஒற்றைச் சம்பளத்தில் அது 40 சதவீதம். மனைவி சம்பளமும் வந்தால் தாங்கும், வராவிட்டால் மூச்சு முட்டும். வரிச் சலுகையையும் நம்பி இறங்காதீர்கள். புதிய வரி முறையில் இருந்தால், நாம் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது.

அதனால்தான் ஒரு வருடம் வாடகைக்குப் போகச் சொல்கிறேன். கணபதியிலேயே பாருங்கள், முடிந்தால் அந்தத் தெருவுக்குப் பக்கத்திலேயே. "வாடகை தண்டம்" என்று வீட்டில் சொல்வார்கள். 18,000 ரூபாய் என்றாலும் வருடத்துக்கு 2.16 லட்சம். தப்பான ஏரியாவில் வாங்கிவிட்டு இரண்டு வருடத்தில் விற்றால், பத்திரத்துக்குக் கட்டிய 7.4 லட்சம் திரும்பி வராது. அதற்கு மேல் கமிஷன், ரிப்பேர், அலைச்சல். அந்த ஒரு வருடத்தில் ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்துவிடுவீர்கள். மகளின் பள்ளி எந்தப் பக்கம், மனைவிக்கு வேலை எந்தப் பக்கம் என்பதும் முடிவாகிவிடும். பீளமேட்டில் வேலை கிடைத்தால் கணக்கே மாறலாம். மாதம் 40,000 சேர்த்தாலே ஐந்து லட்சத்தை நெருங்கும். மனைவி சம்பளம் வந்தால் துண்டு மொத்தமும் அடையும்.

வில்லாவைப் பற்றி இரண்டு வரி. அங்கே சென்ட் 10 லட்சம் என்று வைத்தால் 74 லட்சத்தில் மண் 30 லட்சம்தான், மீதி கட்டடமும் பில்டர் லாபமும். வருடா வருடம் தேய்வது கட்டடம். கணபதி வீட்டில் நீங்கள் கொடுப்பதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மண்ணுக்குப் போகிறது. அந்த விதத்தில் உங்கள் வீட்டுப் பெண்களின் தேர்வு சரியானதுதான்.

இனி பத்திரம். இங்கேதான் எனக்குப் பெரிய கவலை. வீடு இறந்துபோனவர் பெயரில் இருக்கிறது, உயில் இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. இந்துக் குடும்பம் என்றால் மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. இறந்தவரின் தாயார் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. கல்யாணமாகிப் போனதால் மகளின் பங்கு போய்விடாது. ஒன்று அவர் உங்களுக்கு எழுதும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைக் குடும்பத்தாருக்குப் பதிவு செய்து கொடுத்திருக்க வேண்டும். "அப்புறம் வாங்கித் தருகிறேன்" என்பது வேண்டாம். அமெரிக்க மகன் நேரில் வராவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்ற பவர் பத்திரம் வேண்டும். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும்.

அவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்பதால் வரியிலும் ஒரு சிக்கல். 50 லட்சம், அதற்கு மேல் போகும் சொத்தில் வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பது இந்தியாவில் வசிக்கும் விற்பனையாளருக்கு மட்டும். அமெரிக்க மகனின் பங்குக்கு வேறு விதி, பிடிக்க வேண்டியதும் பல மடங்கு. பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை உங்களைத்தான் கேட்கும். ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானத்தைக் காட்டும் வில்லங்கச் சான்றைக் குறைந்தது 30 வருடத்துக்குப் போடுங்கள். ஆனால் அதில் வில்லங்கம் இல்லை என்று வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பதிவாகாத ஒப்பந்தமோ கோர்ட்டு வழக்கோ அதில் தெரியாது. மூலப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள். நகல்தான் இருக்கிறது என்றால் அசல் எங்கே அடகில் இருக்கிறது என்று கேளுங்கள். வாரிசுச் சான்றிதழ், அவர்கள் பெயருக்கு மாறிய பட்டா, 1997 பிளான் அனுமதி, சொத்து வரி ரசீது எல்லாம் உங்கள் சொந்த வக்கீல் கைக்குப் போக வேண்டும். ஒரு வருடம் கழித்து இந்த வீடோ இதேபோல் இன்னொன்றோ அமைந்தால், அப்போதும் அட்வான்ஸை வெறும் ரசீதில் கொடுக்காமல் கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்து, வங்கி மூலம் கொடுங்கள்.

வருடம் முடிவதற்குள் வீடு கைமாறிவிடுமோ என்று வீட்டில் பயப்படுவார்கள். நான்கு வாரிசு, அதில் ஒருவர் அமெரிக்காவில், பெயர் மாற்றமே இன்னும் நடந்திருக்காத சொத்து அவ்வளவு வேகமாகப் போகாது. போனாலும் போகட்டும். இப்போதைக்குப் புரோக்கருக்கு ஃபோன் போட்டு ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்த மகளின் நம்பர். தரத் தயங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.