சீனடி என்றொரு சொல்

கேள்வி: சீனடிப் படங்களில் உச்சம் எது, அதலபாதாளம் எது? புரூஸ் லீயோடு எல்லாம் முடிந்துவிட்டது, பிறகு வந்தவை வெறும் சர்க்கஸ் என்கிறேன் நான். ஒப்புக்கொள்கிறீர்களா?
– வாசகர் ஒருவர், உவர்மலை, திருகோணமலை

பதில்: சீனடி! சீனர்களின் அடிதடிக் கலைக்கு நம் ஊர்ப் பெயர். எத்தனை காலத்துக்குப் பிறகு இந்தச் சொல்லை ஒரு கடிதத்தில் பார்க்கிறேன்! இப்போது நம்மவர்களுக்கு எல்லாமே கராத்தே. ஹொங்கொங்காரர் அடித்தாலும் கராத்தே, தாய்லாந்துக்காரர் முழங்கையால் இடித்தாலும் கராத்தே. கராத்தே ஒகினாவாத் தீவில் வளர்ந்து ஜப்பானுக்குப் போன கலை. அதற்கு அதன் பெயர் இருக்கட்டும். நமக்குக் கம்பு சுழற்றும் சிலம்படி, சீனடி என்று சொந்தமாக இரண்டு சொற்கள் உண்டு. கிழக்கு மாகாணத்தில் கோயில் திருவிழாவிலும் முஸ்லிம்களின் கல்யாண வீட்டிலும் அவை ஒன்றாகவே புழங்கின. அவற்றைக் கைவிட்டது நாம்தான்.

சீனடி என்றதும், சீனாவுக்குப் போன பௌத்தத் துறவி போதிதர்மரை இழுத்துக்கொண்டு வருவோருடன் இந்தப் பக்கத்தில் நான் பலமுறை மல்லுக்கு நின்றிருக்கிறேன். இன்னொரு முறையும் நிற்கிறேன். அவரைப் பற்றிய பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைத் தென்னிந்தியர் என்கிறது, இன்னொன்று பாரசீகர் என்கிறது. சீனாவின் ஷாவோலின் மடத்துத் துறவிகளுக்கு அவர் அடிதடி கற்றுக்கொடுத்தார் என்ற கதைக்கு வேராக இருப்பது, அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் பிந்திய 17ஆம் நூற்றாண்டு நூல் ஒன்று. அதை வைத்துக்கொண்டு சீனர்களின் உழைப்பு முழுவதற்கும் தமிழன் உரிமை கொண்டாடுவது எனக்கு வெட்கமாக இருக்கிறது. நம் முற்றத்தில் இருந்த கலையைக் காப்பாற்றாதவர்கள், காஞ்சிபுரத்திலிருந்து போனதாகச் சொல்லப்படும் ஒருவரைக் காட்டி மார்தட்டுகிறார்கள்.

கிண்ணியாவில் ஒரு கல்யாண வீட்டு முற்றத்தில் நான் பார்த்த முதியவருக்கு எழுபது வயதாவது இருக்கும். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். கம்பை எடுத்ததும் சுழற்றவில்லை. நிலத்தைத் தொட்டு, நான்கு பக்கமும் திரும்பிச் சலாவரிசை என்னும் வணக்க அடிகளைப் போட்டு முடிக்கவே ஐந்து நிமிடம் எடுத்தார். கம்பு சுழலத் தொடங்கியதும் நாங்கள் எல்லோரும் அதையே வாய்பிளந்து பார்த்தோம். அருகில் நின்ற காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர் என் தோளைத் தட்டி, "கம்பைப் பார்க்காதீர்கள் தம்பி, காலைப் பாருங்கள்" என்றார். பார்த்தேன். முதியவரின் குதிகால் மணலில் ஊன்றிய பிறகுதான் ஒவ்வொரு அடியும் புறப்பட்டது. கால் பதியாமல் ஒரு வீச்சுக்கூட இல்லை.

உங்கள் கேள்விக்கு என் அளவுகோல் அந்தக் காக்கா தந்ததுதான். காலைக் காட்டுகிற படம் நல்ல படம். முகத்தையும் முட்டியையும் மாறி மாறிக் காட்டி, ஒரு குத்துக்கு ஏழு வெட்டு வெட்டி ஒட்டுகிற படம் ஏமாற்று. கமெரா பின்னால் தள்ளி நின்று இரண்டு உடம்புகளையும் தலை முதல் பாதம் வரை காட்டினால், யாருக்கு வித்தை தெரியும், யாருக்குத் தெரியாது என்பது பத்து விநாடியில் விளங்கிவிடும்.

புரூஸ் லீ தானே இயக்கிய 'வே ஒஃப் த டிராகன்' (1972) படத்தில், ரோமாபுரியின் கொலோசியத்தில் சக் நோரிஸுடன் மோதும் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மோதுமுன் இருவரும் ஆற அமர உடம்பைச் சூடாக்குகிறார்கள், விரல்களை நெரித்துச் சொடுக்கெடுக்கிறார்கள். ஒரு பூனைக்குட்டி பார்த்துக்கொண்டிருக்கிறது. முதலில் லீ நன்றாக அடி வாங்குகிறார். பிறகு கால்களைத் தளர்த்தி, துள்ளித் துள்ளித் தாளத்தை மாற்றுகிறார். எதிரிக்கு அந்தத் தாளம் பிடிபடவில்லை. எதிரி செத்ததும், அவனுடைய மேலங்கியையும் கறுப்புப் பட்டியையும் எடுத்துவந்து உடலை மூடி, முழந்தாளிட்டு நிற்கிறார். தான் கொன்றவனை மதிக்கத் தெரிந்த சண்டைக் காட்சி. இதை உச்சம் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன்.

அதலபாதாளமும் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1973 ஜூலை 20 அன்று, 32 வயதில் அவர் இறந்தார். அவர் பாதியில் விட்டுப்போன 'கேம் ஒஃப் டெத்' படத்தை 1978இல் போலி நடிகர்களை வைத்து முடித்தார்கள். ஓரிடத்தில் கண்ணாடியில் அவர் முகத்தின் அட்டைப் படத்தை ஒட்டிச் சமாளித்தார்கள். அதையாவது பொறுக்கலாம். கதாநாயகன் செத்துப்போனதாக நடிக்கும் கட்டத்துக்கு லீயின் உண்மையான இறுதிச் சடங்குக் காட்சிகளை எடுத்துப் போட்டார்கள், சவப்பெட்டியில் கிடந்த அந்த முகம் உட்பட. பிணத்துக்கும் கோல்ஷீட் வாங்கிவிட்டார்கள். இதற்குக் கீழே போன சண்டைப் படத்தை நான் பார்த்ததில்லை.

அவரோடு எல்லாம் முடிந்தது என்பதை ஒப்புக்கொள்ளமாட்டேன். சர்க்கஸ் என்று ஏளனமாக எழுதியிருக்கிறீர்கள். ஜாக்கி சானும் சம்மோ ஹங்கும் சிறு வயதிலேயே பீக்கிங் ஒபேராப் பள்ளியில் கரணமும் பாட்டும் வாளும் பிரம்படியும் வாங்கி வளர்ந்தவர்கள். நம் நாட்டுக்கூத்து வகையான வடமோடிக் கூத்தில் போர்க்களத்து ஆட்டத்துக்கு மத்தளம் எப்படி இடம்விட்டு அடிக்கிறதோ, அப்படித்தான் அவர்களின் சண்டையும்: அடி, ஒரு நிறுத்தம், மறுபடி அடி. அந்த நிறுத்தத்தில்தான் அடியின் கனம் நமக்குத் தெரிகிறது. 'பொலிஸ் ஸ்டோரி'யில் (1985) கடைத்தொகுதிக் கம்பத்தில் மின்விளக்குச் சரங்களைக் கிழித்துக்கொண்டு ஜாக்கி சான் சறுக்கி விழுந்தபோது உள்ளங்கைகள் வெந்துபோயின. தோலைக் கொடுத்துச் சம்பாதித்ததைச் சர்க்கஸ் என்றே சொல்லுங்கள், ஆனால் ஏளனம் வேண்டாம். சர்க்கஸ்காரருக்கும் கால்தான் முதல்.

என் உச்சம் வேறு. லாவ் கார் லியுங் இயக்கி கோர்டன் லியு நடித்த 'ஷாவோலினின் 36ஆவது கூடம்' (1978). இயக்குநரின் தகப்பனாருடைய குருவின் குரு, சீனாவின் புகழ்பெற்ற சண்டைக்கலை ஆசான் வொங் ஃபெய் ஹுங். அந்த அண்ணாவியார் (ஆசான்) பரம்பரை படம் முழுவதும் தெரிகிறது. கைகளை நீட்டி நீர்வாளி சுமக்கவேண்டும், தாழ்த்தினால் மேற்கையில் கட்டிய கத்தி விலாவில் குத்தும். சோறு வேண்டுமானால் தண்ணீரில் மிதக்கும் கட்டைகளை மிதித்துக் கடக்கவேண்டும். படத்தின் பெரும்பகுதி இப்படிப் படிப்பதிலேயே போகிறது. மடத்தின் 35 பயிற்சிக் கூடங்களையும் முடித்தவன் பதவி கேட்கவில்லை, ஊர்ச் சனங்களுக்குக் கற்றுக்கொடுக்க 36ஆவது கூடம் வேண்டும் என்கிறான்.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது டச்சுக்குடாப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில். வாடகை வீடியோ டெக், வாடகை ஜெனரேட்டர், பாயில் ஐம்பது பேர். அகலத்திரைக்கு எடுத்த படத்தைச் சதுரத் தொலைக்காட்சிக்காக இரண்டு பக்கமும் நறுக்கியிருந்தார்கள். கோர்டன் லியு ஆளில்லாத காற்றோடு மோதினார். வலப்பக்கத்திலிருந்து அவ்வப்போது ஒரு முழங்கை வந்து போனது. பல ஆண்டுகளுக்குப் பிறகு நறுக்காத பிரதி கைக்குக் கிடைத்தது. இரவு இரண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். அந்த முழங்கைக்காரர் வலது ஓரத்தில் முழுதாக நின்றுகொண்டிருந்தார், குதிகால் தரையில் அழுந்தப் பதிந்திருந்தது.