பகடை உருட்டுவோம்: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், டி அண்ட் டில (Dungeons & Dragons, டிஎம்ங்கற ஒருத்தர் கதையை நடத்த, மத்தவங்க ஆளுக்கொரு கேரக்டரா பகடை உருட்டி ஆடற கேம்) வருஷக்கணக்கா பழகின ஃபேன்டசி உலகத்தை ரூல் புக்கோட புது எடிஷன்ல மாத்திட்டாங்க, நாங்க என்ன பண்றதுன்னு. மத்த கேள்வியெல்லாம் அடுத்த தடவைக்கு தள்ளி வச்சிட்டேன், கோச்சுக்காதீங்க.

அண்ணா, காலேஜ் படிக்கும்போது அஞ்சு பேர் சேர்ந்து ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்துல டி அண்ட் டி ஆடிட்டு இருந்தோம், நான்தான் டிஎம். கையில இருந்தது 2001ல வந்த புக். அப்புறம் வேலை, கல்யாணம்னு அப்படியே விட்டுப்போச்சு. இப்ப திரும்ப ஆரம்பிக்கலாம்னு அஞ்சாவது எடிஷன் வாங்கி பாத்தா உலகம் நூறு வருஷத்துக்கு மேல ஓடிப்போயிருக்கு. எங்க கேரக்டர்ல ரெண்டு பேர் சாதாரண மனுஷங்க, அவங்க கதி என்ன? (கோவை வாசகர்)

செத்துட்டாங்க தம்பி, புக்படி பாத்தா அதான் கதி. உங்க பழைய புக் அந்த உலகத்து கணக்குல 1372ஆம் வருஷம், 2008ல நாலாவது எடிஷன் வந்தப்ப நேரா 1479க்கு தாவிட்டாங்க, 107 வருஷம். நீங்க பழகின கடைக்காரன், கடன் கொடுத்தவன், சத்திரத்துல சண்டை போட்டவன் யாரும் இல்ல, எல்ஃப், ட்வார்ஃப் மாதிரி நீண்ட ஆயுசுக்காரங்களும் எல்மின்ஸ்டர்ங்கற மந்திரவாதி மாதிரி சாகாத கிழவனும்தான் மிச்சம்.

அது மட்டுமா, 1385ல மந்திரத்துக்கு தெய்வமான மிஸ்ட்ராவையே கொன்னுட்டாங்க, அதனால மந்திரம் பைத்தியம் புடிச்சு உலகம் பூரா எரிஞ்சுச்சு, அதுக்குப் பேரு ஸ்பெல்ப்ளேக், மாஸ்டிகான்னு ஒரு கண்டம் காணாம போயி அந்த இடத்துல வேற உலகத்து நிலம் வந்து உக்காந்துச்சு, பறக்கற கப்பலுக்கு பேர் போன ஹல்ருவா நாடு வெடிச்சே போச்சு.

எங்க டேபிள்லயும் இந்த கூத்து நடந்துச்சு. ஒரு ஃப்ரெண்டு மிஸ்ட்ராவோட பூசாரி கேரக்டர் ஆடிட்டு இருந்தான், கேரக்டர் ஷீட்டுக்கு பின்னாடி பென்சில்ல ஹல்ருவா கப்பல் ஒண்ணு வரைஞ்சு வச்சிருப்பான், அதுமேல டீ கிளாஸ் வச்ச வட்டம் வேற. நான் புது புக்கை வாசிச்சுக்கிட்டே போறேன், அவன் ஷீட்டை திருப்பி அந்த கப்பலையே பாத்துட்டு இருந்தான், கடைசில "அப்ப நான் யாரைடா கும்புடறது?"ன்னு கேட்டான். என்கிட்ட பதில் இல்ல. ரெண்டு வாரம் யாரும் ஆட வரல, அதுக்கப்புறம் அந்த புக்கு பரண்ல ஏறிடுச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா டி அண்ட் டி போடற கம்பெனியே அப்புறம் பின்வாங்கிடுச்சு. 2013லேந்து சண்டரிங்னு ஒரு நிகழ்ச்சி வச்சு நாவல் நாவலா போட்டு, மிஸ்ட்ரா திரும்பி வந்தா, ஹல்ருவாவும் அழியல வேற உலகத்துக்குப் போயிருந்துச்சுன்னு சொல்லி திரும்ப கொண்டு வந்தாங்க, நாவல் ஹீரோ ட்ரிஸ்ட்டோட செத்துப்போன நண்பர்களுக்கு மறுபிறவியே கொடுத்துட்டாங்க. நம்ம சீரியல்ல மலையிலேந்து விழுந்தவன் பிளாஸ்டிக் சர்ஜரி பண்ணிட்டு வேற நடிகரா வர்ற மாதிரிதான். ஆனா வருஷத்தை மட்டும் பின்னாடி இழுக்கல, அஞ்சாவது எடிஷன் 1480கள் கடைசியிலதான் ஆரம்பிக்குது.

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். ரூலை புது புக்குலேந்து எடுங்க, வருஷத்தை பழைய புக்குலேந்து எடுங்க. அஞ்சாவது எடிஷன் ரூல்ல வருஷத்தை நம்பி இருக்கறது எதுவுமே இல்ல. நீங்க ஆடாம விட்ட காலம் ஒரு பதினஞ்சு வருஷம்னா உலகத்துலயும் அதே பதினஞ்சு ஓடட்டும், 1387ல ஆரம்பிங்க, உங்க ஹீரோக்களுக்கும் உங்கள மாதிரியே கொஞ்சம் தொப்பை போட்டிருக்கும், புள்ளைகுட்டி இருக்கும். நடுவுல வர்ற ஸ்பெல்ப்ளேக்? எங்க டேபிள்ல அது நடக்கலன்னு எழுதி அஞ்சு பேரும் கையெழுத்து போட்டுருங்க, போலீஸ் வராது. முதல் செஷன்ல பகடையே எடுக்காதீங்க, ஒவ்வொருத்தரையும் "எதைத் தொட்டா உனக்கு கோவம் வரும்?"னு கேளுங்க, ஒருத்தன் சத்திரம்பான், ஒருத்தன் செத்துப்போன குதிரை பேரைச் சொல்லுவான், அதெல்லாம் எழுதி வச்சிட்டு மீதி எதை வேணா மாத்துங்க.

ரூல் மாறினா உலகத்துல ஏன் இடி விழணும்? சும்மா மாத்திட்டு போக வேண்டியதுதானே?

அதேதான் நானும் கேக்கறேன். இது பழைய வியாதிங்க. 1989ல ரெண்டாவது எடிஷன் வந்தப்ப அசாசின்ங்கற (கொலைகாரன்) கிளாஸை, அதாவது கேரக்டரோட தொழில் வகையை, ரூல்லேந்து தூக்கிட்டாங்க, அதுக்கு கதையில காரணம் வேணுமே, சாமிங்கள்லாம் பூமிக்கு இறங்கி வந்து அடிச்சுக்கிட்ட சமயத்துல பேன்ங்கற கெட்ட சாமி தனக்கு பலம் வேணும்னு உலகத்துல இருந்த அசாசின் அத்தனை பேர் உயிரையும் ஒரே மூச்சுல உறிஞ்சிட்டான்னு எழுதினாங்க. 2000ல மூணாவது எடிஷன் வந்தா அசாசின் பிரஸ்டீஜ் கிளாஸா (கொஞ்சம் லெவல் ஏறினப்புறம் எடுக்கற கிளாஸ்) ஜம்முனு வந்து நிக்கறான், இதுக்கா அத்தனை கொலை?

அந்த உலகத்து மந்திரவாதிக்கு ஸ்பெல் ஸ்லாட்னா (ஒரு நாளைக்கு எத்தனை மந்திரம் போடலாம்ங்கற கணக்கு) என்னன்னே தெரியாதுங்க. அது நமக்கும் பேப்பருக்கும் நடுவுல இருக்கற கணக்கு. நேத்து ஒரு கணக்கு, இன்னைக்கு ஒரு கணக்கு, அவன் பாட்டுக்கு நெருப்பு விட்டுட்டு இருப்பான்.

அப்ப ஒழுங்கா ரீபூட் பண்ணின உலகம்னு ஒண்ணு கூடவா இல்ல?

ஏன் இல்ல, டார்க் சன் இருக்கே. மந்திரம் போட்டு போட்டே நிலத்தைப் பாலைவனமா ஆக்கின உலகம், மந்திரவாத ராஜாக்கள் நகரத்துக்கு ஒருத்தரா உக்காந்துட்டு ஆளறாங்க. 1991ல வந்துச்சு. கூடவே அஞ்சு நாவல் போட்டாங்க, நாவல் ஹீரோக்களே ராஜாக்கள்ல பல பேரை, அந்த உலகத்து டிராகனை, எல்லாத்தையும் முடிச்சிட்டாங்க, 1995ல திருத்தின கேம் பெட்டி வந்தப்ப ஆடறவங்களுக்கு வேலையே இல்ல, விருந்து முடிஞ்ச பந்தியில இலை போட்ட மாதிரி. 2010ல நாலாவது எடிஷன்காரங்க (ஆமா, ஃபர்காட்டன் ரெல்ம்ஸை கெடுத்த அதே எடிஷன்தான்) என்ன பண்ணினாங்கன்னா கடிகாரத்தை பின்னாடி திருப்பிட்டாங்க. டிர் நகரத்து ராஜா காலக் இப்பதான் செத்தான், அடிமைகளுக்கு விடுதலை, அடுத்து என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது, இங்கேந்து நீங்க ஆடுங்கன்னு விட்டுட்டாங்க. நாவல்ல அப்புறம் நடந்ததெல்லாம் நடக்கணும்னு கட்டாயம் இல்ல. டிஎம்முக்கு இதைவிட என்ன வேணும்?

எபெரான் இன்னும் கெட்டி. 2002ல புது உலகம் வேணும்னு கம்பெனி நடத்தின போட்டியில 11,000க்கு மேல வந்ததுல கீத் பேக்கரோட இந்த உலகம் ஜெயிச்சு 2004ல புக்கா வந்துச்சு. பெரிய போர் முடிஞ்சு ரெண்டு வருஷம், அந்த உலகத்து கணக்குல 998ஆம் வருஷம். 2009ல வந்த புக்லயும் 998, 2019ல வந்ததுலயும் 998. புது ஆள் வந்தாலும் பழைய ஆள் வந்தாலும் ஒரே வாசல்.

ரேவன்லாஃப்ட்ங்கற பேய்க்கதை உலகத்துல இந்தியா மாதிரி ஒரு இடம் இருக்காமே, நம்மளை கேலி பண்ணிருக்காங்களா?

முன்னாடி இருந்தது ஸ்ரீ ராஜி. கல்யாண மண்டபத்து பேர் மாதிரி இருக்குல்ல? காடு, ராட்சசன், காளி, அவ்வளவுதான், வெளியாள் எழுதினதுன்னு பாத்தாலே தெரியும். 2021ல ரேவன்லாஃப்ட்டையே பிரிச்சு மேஞ்சாங்க, ஒட்டிக்கிட்டு இருந்த நாடெல்லாம் மூடுபனியில தனித்தனி தீவாச்சு, ஸ்ரீ ராஜி இருந்த இடத்துல காலகேரி வந்துச்சு, எழுதினது அஜித் ஜார்ஜ். ராம்யான்னு செத்தும் சாகாத ஒரு ராணி, அவளுக்கு எதிரா கூடப்பொறந்த ரெண்டு பேர், சிம்மாசனத்துக்கு சண்டை. பழைய ராட்சச ராஜா அரிஜானி இதுல அவ கூடப்பொறந்தவனா வர்றான். பங்காளி சண்டைன்னா நமக்கு சொல்லியா கொடுக்கணும், நாலு செஷன் அங்க ஓட்டினேன், மூணாவது செஷன்ல எங்க ஆளுங்களே ரெண்டு கட்சியா பிரிஞ்சுட்டாங்க.

நான் மாத்தி எழுதின ஃபர்காட்டன் ரெல்ம்ஸை விக்கலாமா?

உங்க இஷ்டத்துக்கு எங்க வேணா விக்க முடியாது. 2023 ஜனவரியில கம்பெனிக்காரங்க கிரியேட்டிவ் காமன்ஸ்ல (பேரைச் சொல்லி யாரு வேணா பயன்படுத்திக்கலாம்ங்கற லைசென்ஸ்) விட்டது ரூல் மட்டும், உலகம் இல்ல. டிஎம்ஸ் கில்டுன்னு ஒரு சைட் இருக்கு, 2016லேந்து, அங்க போட்டா ஃபர்காட்டன் ரெல்ம்ஸை வச்சு எழுதி விக்கலாம், விலையில பாதி உங்களுக்கு. ஒரு தடவை அங்க போட்டதை வேற இடத்துல கொண்டுபோய் விக்க முடியாதுங்கறதையும் பாத்துக்கோங்க. வீட்ல நாலு பேரோட ஆடறதுக்கு யார்கிட்டயும் கேக்க வேண்டாம்.