பீட்டில்ஸ் பிடிக்காதவர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியவை. உலகமே கொண்டாடும் லிவர்பூல் நால்வரை (ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார்) ரசிக்க முடியவில்லை என்று தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறார்கள். தயக்கமே வேண்டாம். ஆனால் பிடிக்காதது எது என்று கொஞ்சம் உற்றுக் கேட்டுப் பார்ப்போம்.

என் நண்பர்கள் எல்லாரும் பீட்டில்ஸ் பைத்தியம். எனக்கோ அவை குழந்தைப் பாட்டுபோல ஒலிக்கின்றன. என் காதில்தான் கோளாறா, ஐயா?

காதில் ஒரு கோளாறும் இல்லை. எந்தப் பாடல்களைக் கேட்டீர்கள் என்றுதான் எழுதவில்லை. பெரும்பாலோர் காதில் முதலில் விழுவது 1963, 64இல் வந்தவை. 'ஷி லவ்ஸ் யூ' இரண்டரை நிமிடம்கூட ஓடாது. பதின்வயதினர் உடனே பிடித்துக்கொண்டு கூடவே பாட வேண்டும் என்று எழுதிய பாட்டு அது. முதல் ஆல்பத்தின் 14 பாடல்களில் 10 பாடல்களை 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்து முடித்தார்கள். அந்த அவசரமும் துள்ளலும்தான் அவற்றின் உயிர். அது உங்களை அசைக்கவில்லை என்றால் அசைக்கவில்லைதான்.

ஆனால் மூன்றே ஆண்டுகளில் அதே நால்வர் 'டுமாரோ நெவர் நோஸ்' பாடலைத் தந்தார்கள். கீழே தம்புராவின் ஒற்றைச் சுருதி நிற்கிறது. டேப் துண்டுகளை வளையமாக ஒட்டி ஓடவிட்ட ஒலிகள் பறவைக் கூட்டம்போலக் கீச்சிடுகின்றன. பாடலின் பிற்பகுதியில் லெனனின் குரல் சுழலும் ஒலிபெருக்கி வழியாக எங்கோ தொலைவிலிருந்து வருகிறது. 1968இன் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' தொண்டை கிழியும் கத்தல். இதில் எது உங்களுக்குக் குழந்தைப் பாட்டு? மூன்றையும் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.

இயர்ஃபோனில் கேட்டால் ஒரு காதில் பாட்டு, மறு காதில் கிடாரும் டிரம்ஸும். பத்து நிமிடத்தில் தலை வலிக்கிறது. இதையா மேதைமை என்கிறார்கள்?

உங்கள் புகார் முழுக்க நியாயமானது. அதைப் பாடல்மீது சுமத்தாதீர்கள், குற்றவாளி ஸ்டீரியோ.

1963இல் அவர்களுக்குக் கிடைத்தவை இரண்டே தடங்கள், அதாவது டேப்பில் ஒலியைத் தனித்தனியாகப் பதியும் இரண்டு வரிசைகள். ஒன்றில் குரல்கள், மற்றொன்றில் வாத்தியங்கள். இரண்டையும் அளவு பார்த்துச் சேர்த்து, எல்லா ஒலியும் ஒன்றாகக் கலந்த மோனோ ஒலித்தட்டாக வெளியிடுவதுதான் நோக்கம். பாட்டு வாங்கிய பிரிட்டிஷ் இளைஞர்களின் வீட்டில் இருந்தது ஒற்றை ஒலிபெருக்கிக் கருவி. ஸ்டீரியோ வைத்திருந்த சிலருக்காக அந்த இரண்டு தடங்களையும் வலமும் இடமுமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். 1965இன் 'ரப்பர் சோல்' ஆல்பக் காலத்தில் நான்கு தடங்கள் கிடைத்தும் இதே பழக்கம் தொடர்ந்தது. 1967இல் 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பம் வந்தபோதுகூட, மோனோ கலவைக்குக் குழுவினர் பக்கத்திலேயே இருந்து மெனக்கெட்டார்கள். ஸ்டீரியோ கலவையை அவர்கள் இல்லாமலே சில நாட்களில் முடித்தார்கள். அறையில் இரண்டு ஒலிபெருக்கிகளை வைத்துக் கேட்டால் காற்றில் எல்லாம் கலந்துவிடும். காதுக்குள் செருகினால் கலக்க இடமே இல்லை.

உங்கள் கைபேசியின் அமைப்புகளில், அணுகல்தன்மைப் பகுதியில் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கும். அதை இயக்கிவிட்டுக் கேளுங்கள். தலைவலி உடனே குறையும். இதைவிட நல்ல வழி, 2009இல் மறுபடி வெளியான அசல் மோனோ பதிப்புகளைத் தேடுவது. ஸ்டீரியோதான் வேண்டும் என்றால் 'ரிவால்வர்' ஆல்பத்தின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பு இருக்கிறது. ஒரே தடத்தில் ஒட்டிக்கிடந்த வாத்தியங்களை, திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய மென்பொருளால் தனித்தனியாகப் பிரித்தார்கள். பிறகு தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் புதிதாகக் கலந்தார். 'டாக்ஸ்மேன்' பாடலைப் பழையதிலும் புதியதிலும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் ஒதுங்கிக் கிடந்த டிரம்ஸும் பேஸ் கிடாரும் நடுவுக்கு வந்து நெஞ்சில் இடிக்கும். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால், அது பாட்டின் மீதான உங்கள் தீர்ப்பு. அதை மதிக்கிறேன்.

என் கணவர் தீவிர ரசிகர். காரில் ஏறினால் 'ஆபி ரோடு' ஆல்பம்தான். கல்யாணமான நாளிலிருந்து ரசிப்பதுபோல நடித்துவருகிறேன். சொல்லிவிடலாமா?

சொல்லிவிடுங்கள். ஆனால் "எல்லாமே குப்பை" என்று ஆரம்பிக்காதீர்கள். அவருக்கு அந்தப் பாடல்களோடு அவருடைய இளமையும் சேர்ந்து கிடக்கும். உங்களை உறுத்தும் ஒன்றை மட்டும் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். 'மேக்ஸ்வெல்ஸ் சில்வர் ஹேமர்' ஒலிக்கும்போது கை தானாக அடுத்த பாட்டுக்குத் தாவுகிறதா? அந்தப் பாட்டை லெனன் வெறுத்தார். அதன் ஒலிப்பதிவு நாட்களைப் பற்றி ரிங்கோ ஸ்டாரும் பின்னாளில் கசப்பாகவே பேசியிருக்கிறார். குழுவுக்குள்ளேயே உங்கள் கட்சிக்கு ஆள் இருக்கிறது. அப்புறம், போகும்போது அவர் பாட்டு, வரும்போது உங்கள் பாட்டு என்று பேசிக்கொள்ளுங்கள்.

எல்லாரும் கேட்பதால் எல்லாரும் கேட்கிறார்கள். அவ்வளவுதானே இவர்களுடைய புகழ்?

பாதி உண்மை. 2006இல் மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அறியப்படாத குழுக்களின் 48 பாடல்கள். கேட்டவர்கள் 14,000 பேருக்கு மேல். ஒரு சாராருக்குப் பாடல்களை மட்டும் கொடுத்தார்கள். மற்றவர்களை எட்டுத் தனி உலகங்களாகப் பிரித்து, தத்தம் உலகில் எந்தப் பாட்டை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதையும் காட்டினார்கள். எண்ணிக்கை தெரிந்ததும் பெரிய பாட்டு மேலும் பெரிதாகியது. அதோடு, எது பெரிதாகும் என்பது உலகத்துக்கு உலகம் மாறியது. மிக நல்ல பாடல்கள் அடிமட்டத்துக்குப் போவதும், மிக மோசமானவை உச்சிக்கு வருவதும் அரிது. இடையில் உள்ளவற்றுக்கு எதுவும் நடக்கலாம்.

பீட்டில்ஸுக்கும் அதிர்ஷ்டம் இருந்தது. 1962இல் டெக்கா ஒலித்தட்டு நிறுவனம் அவர்களைக் கழித்துவிட்டது. பிறகு, நகைச்சுவை ஒலித்தட்டுகளுக்குப் பேர்போன பார்லஃபோன் நிறுவனத்தின் ஜார்ஜ் மார்ட்டின் ஏற்றுக்கொண்டார். 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர்களைப் பார்த்தவர்கள் சுமார் 7.3 கோடி அமெரிக்கர்கள். அதற்குமேல் புகழ் தானாகவே உருண்டது. ஆனால் 1966 ஆகஸ்டில், புகழின் உச்சியில், மேடைக் கச்சேரிச் சுற்றுப்பயணங்களை நிறுத்திவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். எந்த ரசிகர் கூட்டமும் அதைக் கேட்கவில்லை. கிடைத்த அதிர்ஷ்டத்தை இப்படிச் செலவழித்த குழுக்கள் குறைவு. என் மதிப்பெல்லாம் அதற்குத்தான்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுதான் உயர்ந்தது என்று சொன்னால் தவறா?

தவறே இல்லை. ஸ்டோன்ஸின் இரண்டாவது தனிப்பாடல் 1963இல் லெனனும் மெக்கார்ட்னியும் எழுதிக் கொடுத்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ரிங்கோவுக்கு டிரம்ஸ் வாசிக்கத் தெரியாது என்பதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

ஒப்புக்கொள்ள மாட்டேன். "பீட்டில்ஸிலேயே அவர் சிறந்த டிரம்மர் இல்லை" என்று லெனன் சொன்னதாக ஊரெல்லாம் உலவுகிறது. லெனன் அப்படிச் சொல்லவே இல்லை. பிரிட்டிஷ் நகைச்சுவை நிகழ்ச்சிகளில் பிறந்து அவர் தலையில் கட்டப்பட்ட வாசகம் அது. ரிங்கோ இடதுகைக்காரர்; வலதுகைக்காரர்களுக்காக அடுக்கிய டிரம்ஸை வாசித்தார். அதனால் அவருடைய உருட்டல்கள் மற்றவர்கள் போகாத வழியில் போகின்றன. 'எ டே இன் தி லைஃப்' பாடலில் லெனன் ஒவ்வொரு வரியை முடிக்கும்போதும் அந்த ஆழ்ந்த, சற்றே பின்தங்கிய அடிகளைக் கேளுங்கள். குரலுக்குப் பதில் சொல்கிறார் மனிதர். வேகமும் வித்தையும் வேண்டும் என்றால் வேறு டிரம்மர்கள் இருக்கிறார்கள். பாட்டைக் கெடுக்காமல் வாசிப்பது அதைவிடக் கடினம்.

கர்நாடக சங்கீதம் கற்றவள் நான். அவர்களுடைய சிதார் பாடல்கள் எரிச்சலூட்டுகின்றன.

'நார்வீஜியன் வுட்' (1965) என்றால் உங்கள் பக்கம்தான் நான். ஹாரிசன் அப்போதுதான் சிதாரைத் தொட்டிருந்தார். அங்கே அது ஒரு புது நிறம், அவ்வளவே. 1966இல் ரவிசங்கரிடம் பாடம் கேட்ட பிறகு வந்த 'வித்தின் யூ வித்தவுட் யூ' வேறு ரகம். ஹாரிசனைத் தவிரக் குழுவில் வேறு எவரும் அதில் இல்லை. லண்டனில் வாழ்ந்த இந்திய இசைக்கலைஞர்கள் தில்ருபாவும் தபலாவும் வாசித்தார்கள். பாட்டு 16 மாத்திரையில் நடக்கும், நடுவில் வாத்தியப் பகுதி 10 மாத்திரைக்கு மாறும். கையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். அந்த மாற்றம் உங்களுக்கு எரிச்சலூட்டாது என்று நம்புகிறேன்.

போகும் இடமெல்லாம் பீட்டில்ஸ் மட்டம் என்று வாதாடுகிறேன். எல்லாரும் பாய்கிறார்கள். விமர்சிக்க உரிமை இல்லையா?

உண்டு. 1967 ஜூனில் நியூயார்க் டைம்ஸில் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டீன் 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்தைக் கடுமையாகத் தாக்கினார். பளபளப்பான ஒலி வித்தைகள், உள்ளே போலித்தனம் என்பது அவருடைய வாதம். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. தம் ஸ்டீரியோவின் ஓர் ஒலிபெருக்கி பழுதாகியிருந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார். ஆனாலும் அவர் அந்த ஆல்பத்தை உட்கார்ந்து கேட்டார், காரணம் காட்டினார், 'எ டே இன் தி லைஃப்' பாடலை மட்டும் மனதாரப் பாராட்டினார். உங்கள் கடிதத்தில் ஒரு பாடலின் பெயர்கூட இல்லை. மூன்று பாடல்களை எடுத்து எங்கே சறுக்குகின்றன என்று எழுதுங்கள். இங்கேயே விவாதிப்போம்.

கடைசியாக ஒரே ஒரு பாட்டு கேட்டுவிட்டு இவர்களை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். எதைக் கேட்க?

'ஷி செட் ஷி செட்' (1966). பாடல் தன் சிறுவயதைப் பற்றிப் பேசத் தொடங்கும் இடத்தில் தாளம் மூன்றாக மாறி, சில நொடிகளில் பழைய நடைக்குத் திரும்புவதைக் கவனியுங்கள். அதுவும் ஒட்டவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடுங்கள். அதே காலத்து லண்டனிலிருந்து 'தி கின்க்ஸ்' குழுவினர் காத்திருக்கிறார்கள். 'வாட்டர்லூ சன்செட்' (1967) பாடலில் தொடங்குங்கள், மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான்.