சீட் கிடைத்தது சரி, அறைக்கு எழுதிவிட்டாயா?

அம்மிணி, உன் கடிதத்தை நேற்று ராத்திரி வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்து படித்தேன். பண்ணாரி குண்டத்துக்காக வந்தவள் இன்னும் சத்தியமங்கலத்தில் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன். அமெரிக்காவில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, ஆகஸ்டில் வகுப்பு தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். உன் அம்மாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவளுக்கு இதைவிட நல்ல சேதி வேறென்ன வேண்டும்! "பெரியம்மா, அங்கே ஹாஸ்டலுக்கு எப்போது எழுதிப்போட வேண்டும்? அப்பா விசா வரட்டும், அப்புறம் பணம் கட்டலாம் என்கிறார். கூட இருப்பதற்கு நம்ம ஊர்ப் பெண்ணாக யாராவது அமைவார்களா?" என்று கேட்டிருக்கிறாய்.

எப்போது என்பதற்குப் பதில்: இந்த வாரமே. தள்ளிப் போடாதே.

நம் பக்கம் கல்லூரியில் சேரும்போது ஒரே கவுண்டரில் காலேஜ் பீஸையும் ஹாஸ்டல் பீஸையும் கட்டிவிடுகிறோம். காரில் பெட்டி, பக்கெட், பெட்ஷீட் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனால் வார்டன் ஒரு அறையைக் காட்டுவார். அதே பழக்கத்தில்தான் உன் அப்பாவும் யோசிக்கிறார், தப்பில்லை. ஆனால் அங்கே அட்மிஷன் கொடுக்கும் ஆபீஸ் வேறு, தங்கும் அறைகளைக் கவனிக்கும் ஹவுசிங் ஆபீஸ் வேறு. நீ படிக்க வருகிறாய் என்று ஒருவருக்குத் தெரியும் என்பதற்காக இன்னொருவர் உனக்குக் கட்டில் எடுத்து வைக்கமாட்டார். நீயாகத் தனியாக எழுதிப்போட வேண்டும்.

முதலில் 'வருகிறேன்' என்று ஒப்புக்கொண்டு அதற்கான டெபாசிட்டைக் கட்ட வேண்டும். இளநிலைப் படிப்புக்குப் பெரும்பாலான இடங்களில் மே 1தான் அதற்குக் கெடு. கட்டியதும் உனக்கென்று ஒரு மாணவர் கணக்கு வரும். அதை வைத்துத்தான் ஹவுசிங் போர்ட்டலுக்குள் நுழைய முடியும். அங்கே விண்ணப்பம், அதற்கு ஒரு கட்டணம், அப்புறம் ஒப்பந்தம், சில இடங்களில் முன்பணம், கடைசியாக எந்தக் கட்டடம், எந்த மாதிரி அறை என்ற விருப்பம். முதலாண்டு மாணவர்கள் வளாகத்துக்குள்தான் தங்க வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் விதி வைத்திருக்கின்றன. 'அப்படியானால் இடம் கண்டிப்பாகக் கிடைக்குமே' என்று நினைப்பாய். அந்த உறுதிக்கும் ஒரு கடைசித் தேதி இருக்கும். அதைத் தாண்டி வருகிறவர்களை மிச்சம் இருக்கிற அறைகளில் போடுவார்கள், இல்லாவிட்டால் வெயிட் லிஸ்டில் வைப்பார்கள். கூட்டம் அதிகமான ஆண்டுகளில் டிவி பார்க்கும் பொது அறையிலேயே கட்டில் போட்டு, சில வாரம் கழித்து இடம் மாற்றிய கதைகளும் உண்டு. ஊர் விட்டு ஊர் வந்த பிள்ளைக்கு முதல் மாதமே இரண்டு தடவை பெட்டி கட்டுகிற வேலை வேண்டாம்.

அப்பா சொல்வதற்கு வருகிறேன். விசா நேர்காணல் ஜூனிலோ ஜூலையிலோதான் அமையும். நல்ல அறைகள் அதற்குள் போய்விடும். விசா கிடைக்காமல் போனால் பணம் என்ன ஆகும் என்பதுதான் அவருடைய பயம், நியாயமான பயம்தான். ஒப்பந்தத்தில் ரத்து செய்வதைப் பற்றி ஒரு பகுதி இருக்கும். பல இடங்களில், அந்தக் கல்லூரியில் சேரவே இல்லை என்றால் ஒப்பந்தத்திலிருந்து விடுவித்துவிடுவார்கள். விண்ணப்பக் கட்டணம் மட்டும் திரும்பி வராது. உன் கல்லூரியில் எப்படி என்று ஹவுசிங் ஆபீஸுக்கு ஒரு மின்னஞ்சல் போடு: 'விசா மறுக்கப்பட்டால் எந்தத் தேதிக்குள் சொன்னால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?' இந்த ஒரு கேள்விதான். வரும் பதிலைப் பிரிண்ட் எடுத்து அப்பா கையில் கொடு. அவர் மனசு ஆறும்.

பணம் கட்ட அப்பாவின் கார்டை எடுக்கும் முன் அதில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று வங்கி ஆப்பில் பார்த்துவிடு. 2020இலிருந்து நம் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் என்றுதான் கைக்கு வருகின்றன, வெளிநாட்டுக்கு நாம்தான் திறந்துவிட வேண்டும். கெடு நேரத்தையும் கவனி. அமெரிக்க மத்திய நேரப்படி (சென்ட்ரல் டைம்) மாலை 5 மணி என்றால் மே மாதத்தில் நமக்கு மறுநாள் விடியற்காலை 3.30. தேதியை அவர்கள் மாதத்தை முன்னால் வைத்து எழுதுவார்கள். 08/09 என்றால் ஆகஸ்ட் 9, செப்டம்பர் 8 இல்லை. இதைத் தப்பாகப் படித்து விமான டிக்கெட் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது அந்த ஒப்பந்தம். உனக்கு 18 முடியவில்லை என்றால் பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோ சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அது ஆங்கிலத்தில் பத்துப் பக்கத்துக்கு மேல் போகும் என்று யாரும் படிப்பதில்லை. நீ படி. அப்பாவை எதிரில் உட்காரவைத்து ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொல். தோட்டம் கிரயம் பண்ணும்போது செக்குபந்தியை நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேட்கிறவர் அவர், இதையும் அதே மாதிரி கேட்பார். எத்தனை மாதத்துக்கு, எந்தத் தேதிக்கு உள்ளே, எந்தத் தேதிக்கு வெளியே, பாதியில் விட்டால் என்ன அபராதம், இந்த நாலும் தெரிய வேண்டும். பெரும்பாலும் அது ஒரு கல்வியாண்டுக்கு, அதாவது இரண்டு செமஸ்டருக்கும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். அக்டோபரில் 'எனக்குப் பிடிக்கவில்லை, வெளியே வீடு பார்க்கிறேன்' என்றால் எளிதில் விடமாட்டார்கள்.

நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டவள். 1999இல் மேற்படிப்புக்குப் போனேன். அந்த ஆண்டு டிசம்பரில், பரீட்சை முடிந்த மறுநாள், கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மாலை 5 மணிக்குக் கட்டடம் பூட்டப்படும், ஜனவரியில்தான் திறக்கும். பிரிட்ஜைக் காலி செய்து கதவைத் திறந்து வை, எல்லா வயரையும் பிடுங்கு, ஜன்னலைச் சாத்து, குப்பையைக் கொட்டு என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். கட்டங்களை டிக் அடிக்க ஆர்.ஏ. பெண், அதாவது மாடியைக் கவனிக்கிற மூத்த மாணவி, வந்து நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது, இது எல்லோருக்கும்தான், எனக்கும்தான் என்று. போன் கார்டு போட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். "ஏங் கண்ணு, பணங் கட்டுன ரூமுல இருந்து எப்படி வெளிய போகச் சொல்லுவாங்க?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது, நான் பார்க்கவில்லை. வெளியே பனி கொட்டிக் கிடந்தது. சூட்கேஸின் சக்கரம் பனியில் உருளவே இல்லை, தூக்கிக்கொண்டுதான் நடந்தேன். ஆந்திராவிலிருந்து வந்திருந்த வகுப்புத் தோழி ஒருத்தி தன் அபார்ட்மென்டின் ஹாலில் இடம் கொடுத்தாள். மூன்று வாரம் அங்கே கார்பெட்டில் படுத்தேன். அவளுக்கு இன்றைக்கும் தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுக்கிறேன்.

அதனால் அறை விருப்பம் கேட்கும்போது கட்டடம் புதுசா, ஜன்னலில் என்ன தெரிகிறது என்றெல்லாம் பார்ப்பதற்கு முன், 'விடுமுறையிலும் திறந்திருக்கும் கட்டடம் எது?' என்று பார். நவம்பர் நாலாவது வியாழன் தேங்ஸ்கிவிங், டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை குளிர்கால விடுமுறை, மார்ச்சில் ஒரு வாரம். அங்கத்துப் பிள்ளைகள் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கோயமுத்தூர் விமான நிலையத்துக்கு நீ ஒவ்வொரு தடவையும் டிக்கெட் போட முடியாது. சில இடங்களில் விடுமுறைத் தங்கலுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம் இருக்கும். அதையும் இப்போதே கேட்டு வை. வந்து இறங்கும் நாளும் இதே கணக்குதான். விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் இருக்கிற தொடக்கத் தேதிக்கு 30 நாள் முன்னாலிருந்து நாட்டுக்குள் நுழையலாம் என்பது விசாவின் விதி. அறை திறப்பது வேறு தேதி. நாலு நாள் முந்திப் போய் இறங்கினால் ராத்திரி எங்கே படுப்பாய்? முன்கூட்டியே வருகிறேன் என்று எழுதிக் கேட்டால் பல இடங்களில் ஏற்பாடு செய்து கொடுப்பார்கள்.

அடுத்து, கூட இருக்கும் பெண். விண்ணப்பத்தில் ஒரு கேள்விப் பட்டியல் வரும். எத்தனை மணிக்குத் தூங்குவாய், எத்தனை மணிக்கு எழுவாய், அறை எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும், பாட்டுப் போட்டுக்கொண்டு படிப்பாயா, நண்பர்கள் வந்தால் பரவாயில்லையா. இதை வைத்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். நான் எழுதிய காலத்தில் தபாலில் தாள் வந்தது. அதை நடத்தைச் சான்றிதழ் மாதிரி நினைத்து ஒன்பதரைக்குத் தூக்கம், ஐந்து மணிக்கு எழுந்திருப்பேன், சத்தமே கூடாது என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க எழுதி அனுப்பினேன். அம்மா மாடு கறக்க எழுந்திருக்கும் நேரம் அது. கோவையில் ஹாஸ்டலில் நான் ஒரு மணிவரை விளக்கெரிய விட்டுப் படித்தவள். எனக்குக் கிடைத்த கொரியப் பெண்ணோ உண்மையாகவே ஒன்பதரைக்குத் தூங்குகிறவள். ஒரு செமஸ்டர் முழுக்க காரிடார் வெளிச்சத்தில், லிப்ட் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து படித்தேன். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. உள்ளது உள்ளபடி எழுதியவள் அவள்.

இரண்டு வருஷம் முன்னால் என் மகள் இதே பட்டியலை நிரப்பியபோது நான் சமையலறைக்குப் போய்விட்டேன். தாமதமாகத் தூங்குவேன், துணி நாற்காலியில் கிடக்கும், அசைவம் சாப்பிடுவேன் என்று இருக்கிறபடியே எழுதினாள். அவளுக்கு வாய்த்த பெண் வேறு மாநிலம், வேறு நிறம், வேறு சாமி. அதே ராத்திரி ஒரு மணிக்குத் தூங்குகிற பழக்கம், அதே நாற்காலித் துணி. இரண்டாம் வருஷமும் சேர்ந்தே இருக்கிறார்கள். அம்மிணி, உன் அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து நிரப்பு.

நம்ம ஊர்ப் பெண் வேண்டும் என்றால் முடியும். இருவரும் போர்ட்டலில் ஒருவரை ஒருவர் கேட்டு எழுத வேண்டும், ஒருத்தி மட்டும் கேட்டால் சேர்க்கமாட்டார்கள். ஆனால் ஈரோடா கோபியா என்று பார்த்துத் தேடாதே என்றுதான் சொல்வேன். தமிழ் பேச, அரிசிம்பருப்பு ஆக்கிச் சாப்பிட, பொங்கல் வைக்க ஆட்கள் கிடைப்பார்கள், எல்லா ஊரிலும் கிடைக்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் ஒரு வருஷம் ஒத்துப்போவதற்கு ஊர் ஒன்றாக இருப்பதைவிடத் தூக்கம் ஒன்றாக இருப்பதுதான் உதவும்.

சாப்பாடு: முதலாண்டு டார்மில், அதாவது வளாக ஹாஸ்டலில், இருந்தால் மீல் பிளான் என்கிற சாப்பாட்டுத் திட்டம் எடுத்தே ஆக வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் விதி. அதையும் அறை வாடகையையும் சேர்த்தால் வருஷத்துக்குப் பல இடங்களில் 12,000 டாலரைத் தாண்டும். உன் ஐ-20இல் தங்கும் செலவு என்று ஒரு வரி இருக்கிறதே, அதோடு ஒப்பிட்டுப் பார். கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால் அந்த வரியும் கடனுக்குள் வருகிறதா என்று வங்கியில் கேள். மிகப் பெரிய பிளானை எடுக்காதே, முதல் சில வாரத்தில் மாற்றிக்கொள்ள விடுகிறார்களா என்று பார்த்து நடுத்தரமாக எடு.

தடுப்பூசி அட்டையை இன்றே தேடச் சொல். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் போடும் எம்எம்ஆர் இரண்டு தவணை கேட்பார்கள், இரண்டுக்கும் நடுவே குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். மெனிங்கோகாக்கல் என்கிற மூளைக்காய்ச்சல் தடுப்பூசி டார்மில் தங்குகிறவர்களுக்குப் பல மாநிலங்களில் கட்டாயம். அட்டை கிடைக்காவிட்டால் ஈரோட்டிலோ கோவையிலோ போட்டு, டாக்டர் கையெழுத்தோடு ஆங்கிலத்தில் வாங்கிக்கொள். இது பாக்கி இருந்து அறைச் சாவி தராமல் நிறுத்திவைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பெட்டியில் என்ன வைப்பது என்று பெரிய பட்டியல் போடமாட்டேன். மெத்தை பெரும்பாலும் 'ட்வின் எக்ஸ்எல்' அளவு, 38 அங்குல அகலம், 80 அங்குல நீளம். சென்னிமலை பெட்ஷீட் ஒன்று மேலே போர்த்த எடுத்துக்கொள், மெத்தைக்கு மாட்டுவதை அங்கே வாங்கு. நம் கரண்ட் 230 வோல்ட், அங்கே 120, அதனால் இங்கத்து ரைஸ் குக்கர் அங்கே சரியாக வேலை செய்யாது. அப்படியே செய்தாலும் அறையில் குக்கருக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊதுபத்தி, சூடம், திரி விளக்கு மூன்றும் கூடாது. அப்புச்சி தரும் பண்ணாரி அம்மன் படத்தை வைத்துக்கொள், முன்னால் பேட்டரி விளக்கு ஒன்று போதும். புகை மணி அடித்தால் கட்டடம் முழுக்க நடு ராத்திரி குளிரில் வாசலில் நிற்கும்.

நான் அடுத்த புதன்கிழமைவரை இங்கே இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் காங்கேயம் வருகிறேன் என்று அம்மாவிடம் சொல். அதற்குள் டெபாசிட்டைக் கட்டி, போர்ட்டலைத் திறந்து, ஒப்பந்தத்தைப் பிரிண்ட் எடுத்து வை. நான், நீ, அப்பா மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிப்போம்.