நாலு வருசம் கராஜில நிண்ட வி-ட்வின் குரூசரை வாங்கலாமோ?

கேள்வி: அண்ணை, கனடாவில, ஸ்காபரோவில 2003ம் ஆண்டு யமஹா வி-ஸ்டார் 650 மோட்டச்சைக்கிள் ஒண்டு பார்த்தனான். 21,000 கிலோமீற்றர்தான் ஓடியிருக்கு, பெயின்ற் எல்லாம் மினுங்குது. நாலு வருசமா கராஜில சும்மா நிண்டதாம். சோக் இழுத்தால் ஸ்ராட் வருது, சோக்கை விட்டால் நிண்டு போகுது. காபரேற்றரை ஒருக்கா கிளீன் பண்ணினால் சரி எண்டு விக்கிறவர் சொல்லுறார். நம்பி வாங்கலாமோ?

பதில்: வாங்கலாம் தம்பி. ஆனா 21,000 எண்டதைப் பார்த்து மயங்காதேங்கோ, நாலு வருசம் எண்டதை வச்சு விலை பேசுங்கோ. ஓடின சைக்கிளை விட நிண்ட சைக்கிள்தான் கனக்க காசு கேக்கும்.

சைக்கிள் நல்ல சைக்கிள்தான், அதில எனக்கு மறுப்பில்லை. 649 சிசி, வி மாதிரி நிக்கிற ரெண்டு சிலிண்டர் (வி-ட்வின் எண்டுறது அதைத்தான்), காத்தில குளிர்ற இன்ஜின், ரேடியேற்றர் இல்லை, பின்சில்லுக்குப் போறது ஷாஃப்ற் எண்டபடியால் செயின் சோலியும் இல்லை, வால்வ் அட்ஜஸ்ற் பண்ணுறதுக்கு ஸ்குரூவும் லொக் நட்டும்தான், வீட்டில திருத்திற ஆக்களுக்கெண்டே செஞ்ச மாதிரி. 1998ல தொடங்கி 2016 வரைக்கும் வித்தவங்கள், அதால பாட்ஸுக்கும் அலைய வேண்டி வராது.

சோக் கூடப் பெற்றோல் விடும், அதை விட்டால் நிக்குது எண்டால் பெரும்பாலும் பைலற் ஜெற், அதாவது காபரேற்றருக்க மெதுவா ஓடேக்க பெற்றோல் வாற சின்ன ஓட்டை, அடைச்சிருக்கும், அந்தாள் சொல்லுறது பொய்யெண்டு இல்லை. ஆனா காபரேற்றருக்க பெற்றோல் காய்ஞ்சு பசையாகியிருக்கெண்டால் அதே நாலு வருசம் டாங்குக்கையும் பெற்றோல் நிண்டிருக்கும்தானே. மூடியைத் திறந்து டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. நான் ஒருக்கா இதைப் பாக்காமல் ஒரு பழைய குரூசரை வாங்கிப்போட்டு மூண்டு தரம் காபரேற்றர் கழட்டினனான், ஒவ்வொரு தரமும் கிளீன் பண்ணி ரெண்டு கிழமை ஓடும், பேந்து பழைய கதைதான். கடைசியில பார்த்தால் டாங்குக்க துரு, மண் மாதிரிக் கையில வந்தது. டாங்கைச் சரி பண்ணினாப் பிறகுதான் எனக்கு நித்திரை.

பார்க்கப் போகேக்க முதலே ஸ்ராட் பண்ணி வைக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ. போனவுடன இன்ஜினைத் தொட்டுப் பாருங்கோ, குளிரா இருக்க வேணும். சோக்கோட ஸ்ராட் பண்ணி ஒரு நிமிசத்தில ரெண்டு எக்ஸோஸ்ற் குழாயிலயும், சிலிண்டருக்குக் கிட்ட, கொஞ்சம் தண்ணி தெளியுங்கோ. ரெண்டிலயும் சுர்ரெண்டு ஆவியாப் போனால் ரெண்டு சிலிண்டரும் வேலை செய்யுது. ஒண்டில தண்ணி அப்பிடியே வழியுதெண்டால் அது ஒரு சிலிண்டரில ஓடுற சைக்கிள், காரணம் தெரியாமல் கைவைக்கக் கூடாது.

அடுத்தது ரயர். பக்கவாட்டில டொட் எண்டு தொடங்குற இலக்கத்தின்ர கடைசி நாலைப் பாருங்கோ. 2214 எண்டால் 2014ம் ஆண்டு 22வது கிழமை செஞ்சது. ரயர் பூ எவ்வளவு தேயாமல் இருந்தாலும் பத்து வருசம் போன ரயரில நான் ஏற மாட்டன், ரப்பர் கல்லாகியிருக்கும், மழைக்க வழுக்கும். ரெண்டு ரயர், பற்றரி, பிரேக் ஒயில் எண்டு கூட்டிப் பார்த்து அந்தக் கணக்கை விக்கிறவரின்ர முன்னால வச்சுக் கதையுங்கோ.

பேப்பர் விசயமும் இருக்கு. ஒன்ராறியோவில தனியாள் விக்கேக்க பாவிச்ச வாகனத் தகவல் பொதி, எங்கட ஆக்கள் யூவிப் எண்டு சொல்லுறது, அதை விக்கிறவர்தான் எடுத்துத் தர வேணும். அதில முதல் ஆர் ஆர் வச்சிருந்தது, வாகனத்தில கடன் நிக்குதோ எண்டெல்லாம் இருக்கும். கடன் நிண்டால் அது சைக்கிளோட சேர்ந்து உங்களிட்ட வரும். சேஃப்ரி சேர்ட்டிபிக்கற் இருக்கெண்டு சொன்னால் திகதியைப் பாருங்கோ, 36 நாள்தான் செல்லும். அதோட அது றோட்டில விடுறதுக்கான ஆகக்குறைஞ்ச சோதனை, வாரண்டி இல்லை. கன பேர் இதைப் போட்டுக் குழப்புறவை.

கேள்வி: வாங்கிப்போட்டன் அண்ணை. காபரேற்றர் கழட்டிக் கழுவ கடையில கேட்ட காசு, நான் சைக்கிளுக்குக் குடுத்ததில கிட்டத்தட்டக் கால்வாசி. நானே செய்யலாமோ? என்ன சாமான் வாங்க வேணும்?

பதில்: கடைக்காரரில பிழை இல்லை, டாங்க் கழட்டி, எயார் கிளீனர் கழட்டி, ரெண்டு காபரேற்றரையும் வெளியில எடுத்துக் கழுவித் திருப்பிப் பூட்ட அரைநாளுக்கு மேல போகும், அவை மணித்தியாலக் கணக்கில காசு எடுக்கிறவை. உங்களிட்ட ரெண்டு சனிக்கிழமை இருந்தால் நீங்களே செய்யலாம்.

முதல் வாங்க வேண்டியது சேர்விஸ் மனுவல். ரெண்டாவது ஜப்பான் ஸ்குரூட்றைவர். சிரிக்காதேங்கோ. ஜப்பான் சைக்கிளில இருக்கிற நட்சத்திரத் தலை ஸ்குரூ ஜிஸ் எண்ட ஜப்பான் தரம், எங்கட வீட்டில கிடக்கிற பிலிப்ஸ் ட்றைவர் அதில முழுசா இறங்காது, பலமாத் திருப்பினால் மேல ஏறி வந்து தலையை வழிச்சுப்போடும். காபரேற்றரின்ர அடிக் கிண்ணத்தில இருக்கிற ஸ்குரூவெல்லாம் மெத்தின உலோகம், ஒண்டு வழிஞ்சால் பேந்து ட்றில் போட்டுத்தான் எடுக்கோணும்.

கழட்டேக்க ஒவ்வொரு படிக்கும் போனில படம் எடுங்கோ. பைலற் ஜெற்றை வெளியில எடுத்து வெளிச்சத்துக்கு நேர பிடிச்சுப் பாருங்கோ, அரை மில்லிமீற்றரும் வராத ஓட்டை, அதுக்கால வட்டமா வெளிச்சம் தெரியோணும். தெரியாட்டி கிளீனரில ஊறப் போட்டு மெல்லிய செப்புக் கம்பியால மெதுவாத் தள்ளுங்கோ, இரும்புக் கம்பி, ட்றில் ஊசி ஒண்டும் வேண்டாம், ஓட்டை பெருத்தால் ஜெற் பழுது. பெற்றோலும் காத்தும் கலக்கிற அளவைத் திருத்திற மிக்ஸ்சர் ஸ்குரூவைக் கழட்ட முதல் உள்ளுக்க மெதுவா இறுக்கி எத்தினை சுத்து வருது எண்டு எண்ணி எழுதி வையுங்கோ, ரெண்டு காபரேற்றருக்கும் வேற வேறயா. மேல் மூடிக்குக் கீழ இருக்கிற மெல்லிய கறுப்பு ரப்பரில ஸ்பிறே பட்டால் ஊதிப் பழுதாகும், அதை முதலே எடுத்துத் தள்ளி வையுங்கோ. திருப்பிப் பூட்டினாப் பிறகு ரெண்டு காபரேற்றரும் ஒரே அளவில இழுக்குதோ எண்டு இழுவையை அளக்கிற வெக்கியூம் கேஜ் போட்டுப் பாக்க வேணும், கேஜை ஆரிட்டையும் இரவல் வாங்கலாம்.

ஒண்டு மறக்க வேண்டாம், கராஜில காஸில எரியிற தண்ணிச் சூடாக்கி இருந்தால் இந்த வேலையை வெளியில கொண்டுபோய்ச் செய்யுங்கோ. பெற்றோல் ஆவி நிலத்தோட தவழ்ந்து போகும்.

கேள்வி: ஒயில் மாத்திறது சின்ன வேலைதானே? காருக்கு வாங்கின ஒயில் மிச்சம் இருக்கு, விடலாமோ?

பதில்: விட வேண்டாம். இதில கிளச் ஒயிலுக்கதான் நனைஞ்சு நிக்குது, பெற்றோல் மிச்சம் பிடிக்கிறதுக்கெண்டு வழுவழுப்பாக்கின கார் ஒயில் விட்டால் கிளச் வழுக்கத் தொடங்கும். போத்திலில ஜாசோ எம்ஏ எண்டு, இப்பிடி நனைஞ்ச கிளச்சுக்குப் பொருந்தும் எண்டு காட்டுற ஜப்பான் தரக்குறி, இருக்கிறதைப் பார்த்து வாங்குங்கோ. ஒயில் மாத்திறது சின்ன வேலைதான், ஃபில்ரர் மாத்திறதுதான் வயித்தெரிச்சல், அதுக்கு முன்னால எக்ஸோஸ்ற் குழாய் மறிச்சு நிக்குது. இஞ்ச உப்புப் போட்ட றோட்டில ஓடின சைக்கிளெண்டால் நட் இறுகித் துருப்பிடிச்சிருக்கும், முதல் நாள் பின்னேரமே துரு இளக்கிற ஒயிலை அடிச்சு விடுங்கோ, அவசரப்பட்டுத் திருப்பினால் போல்ட் முறிஞ்சு சிலிண்டர் ஹெட்டுக்க நிண்டிடும். குழாய் கழட்டினால் கஸ்கெற்றும் புதுசு போடோணும், அதையும் சேர்த்தே வாங்கி வையுங்கோ.

கேள்வி: ரெண்டு பற்றரி மாத்தியாச்சு, திருப்பியும் இறங்குது. மூண்டாவது நல்ல பிராண்டா வாங்கட்டோ?

பதில்: வாங்க வேண்டாம், அந்தக் காசில கால்வாசிக்கு ஒரு மல்ரிமீற்றர் வாங்குங்கோ. சார்ஜ் ஏத்தின பற்றரியில, இன்ஜின் நிக்கேக்க 12.6 வோல்ற் மட்டில இருக்க வேணும். ஸ்ராட் பண்ணி அக்சிலேற்றரைக் கொஞ்சம் கூட்டினால் 14 வோல்ற்றுக்குக் கிட்ட ஏறோணும். ஏறாமல் அப்பிடியே நிண்டால் பற்றரியில பிழை இல்லை. இன்ஜின் சுத்தேக்க கரண்ட் உண்டாக்கிற ஸ்ரேற்றரில இருந்து வாற மூண்டு வெள்ளை வயரையும் கழட்டி, இன்ஜின் ஓடேக்க ரெண்டு ரெண்டாப் பிடிச்சு ஏசி வோல்ற் பாருங்கோ, மூண்டு சோடியிலயும் ஒரே மாதிரி வரோணும். வந்தால் பிழை பெரும்பாலும் அந்தக் கரண்டைப் பற்றரிக்கு அளவா அனுப்புற ரெகுலேற்றரில, வராட்டி ஸ்ரேற்றரில. ஆனா இதெல்லாத்துக்கும் முதல் அந்த வெள்ளை வயர் பூட்டுற பிளாஸ்ரிக் கொனெக்டரை இழுத்துப் பாருங்கோ, மண்ணிறமாக் கருகியிருந்தால் அதை மட்டும் மாத்திப்போட்டுத் திருப்பி அளந்து பாருங்கோ.