விதையிலிருந்து மிளகாய்: ஆடிக்கு முன் வந்த கேள்விகள்

ஆடிப்பட்டத்துக்கு விதை போடப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் பிறந்தது கோவில்பட்டிப் பக்கம், மானாவாரி மிளகாய் விளையும் கரிசல் காடு. இப்போது மதுரையில் மொட்டைமாடித் தொட்டிகளில் வளர்க்கிறேன். இரண்டும் வேறு வேறு வேலை என்பதை மனதில் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

தாம்பரம்: அக்கா, மளிகைக்கடை வத்தலில் இருந்து விதை எடுத்துப் போட்டேன். ரெண்டு வாரமா ஒண்ணும் வரல. விதை செத்துப்போச்சா?

செத்திருக்கலாம். அந்த வத்தல் எத்தனை நாள் குடோனில் கிடந்ததோ! மிளகாய் விதை நம்ம வீட்டுச் சூட்டில் இரண்டு வருடம் போல உயிரோடு இருக்கும். அப்புறம் முளைப்பு குறைந்துகொண்டே போகும். இனிமேல் போடுவதற்கு முன்னால் பத்து விதையை ஈரத்துணியில் மடித்துப் பத்து நாள் வைத்துப் பாருங்கள். ஐந்துக்குக் குறைவாக முளைத்தால் நெருக்கமாகத் தூவுங்கள். ஒன்றுமே வராவிட்டால் அந்த வத்தலை ரசத்துக்குத் தாளித்துவிடுங்கள்.

முளைத்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கடையில் வரும் நீள வத்தலில் வீரிய ஒட்டு ரகமும் இருக்கும். அதன் விதை தாய்ச்செடி மாதிரியே காய்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது. குண்டு வத்தல் நாட்டு ரகம் என்பதால் நம்பிப் போடலாம். ராமநாதபுரம் குண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. விதை வாங்குவதாக இருந்தால் எங்கள் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கே1, கே2 ரகங்கள் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

திருச்சி: எவ்வளவு ஆழத்தில் போடணும்? வெயிலில் வைக்கணுமா?

அரை சென்டிமீட்டர் போதும். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சமபாகம் கலந்த குழித்தட்டில் போட்டு, மேலே செய்தித்தாள் மூடுங்கள். மண் 25 முதல் 30 டிகிரி சூட்டில் இருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் தலை நீட்டும். முதல் முளை தெரிந்த அன்றே தாளை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து விடுங்கள். ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் நாற்று வெளுத்து நீண்டுவிடும். சின்னக் காயாக வரும் காந்தாரி மிளகாய் மட்டும் சோம்பேறி. மூன்று வாரம், சில சமயம் ஒரு மாதம்கூட எடுத்துக்கொள்ளும். முளைக்கவில்லை என்று கிளறிப் பார்க்காதீர்கள்.

காரைக்குடி: நல்லா முளைச்ச நாற்று, அடித்தண்டு சுருங்கி அப்படியே சாயுது.

நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பூஞ்சையின் வேலை, அதற்கு நாம் ஊற்றும் தண்ணீர்தான் கூட்டாளி. சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. பிடுங்கிப் போட்டுவிட்டு, மேல்மண் காயும் வரை தண்ணீரை நிறுத்துங்கள். அடுத்த முறை கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து, தட்டுக்குக் காற்றோட்டம் கொடுங்கள். தூவும்போது நெருக்கம் வேண்டாம்.

சேலம்: எப்போ தொட்டிக்கு மாற்றுவது?

35 முதல் 40 நாள் நாற்று, ஆறேழு இலை. சாயங்காலம் நடுங்கள். செடிக்கு ஒரு 12 அங்குலப் பை. மண், நார்க்கழிவு, தொழு உரம் மூன்றும் சமமாகக் கலந்து, ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு சேருங்கள்.

வேலூர்: ஐயோ அக்கா, இலையெல்லாம் சுருண்டுபோச்சு. வேப்பெண்ணெய் அடிச்சும் சரியாகல.

வந்த கேள்விகளில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சுருட்டை என்று எல்லாவற்றையும் ஒரே பேரில் சொல்கிறோம், உள்ளே மூன்று தனித்தனி நோவு இருக்கிறது. எதையும் தெளிப்பதற்கு முன் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள்.

ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து இலை படகு மாதிரி இருந்தால் இலைப்பேன். கொழுந்தை ஒரு வெள்ளைத் தாள் மேல் தட்டினால் மஞ்சள் கோடு போலச் சின்னஞ்சிறு பூச்சிகள் ஓடும். அதிகாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலே பாதி போய்விடும். மீதிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைய ஒரு சொட்டு சோப்புக் கரைசல். வாரம் ஒரு முறை, வெயில் இறங்கிய பிறகு. கூடவே நீல ஒட்டுப்பொறி ஒன்று தொங்கவிடுங்கள்.

ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்து, இலைக்காம்பு நீண்டு, கொழுந்து சிறுத்துப்போனால் அது சிலந்திப்பேன். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. இதற்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) நன்றாகக் கேட்கும், லிட்டருக்கு 2 கிராம். ஒன்று மட்டும் கவனம்: எண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடித்தால் இலை கருகும். நீங்கள் ஏற்கெனவே வேப்பெண்ணெய் அடித்திருக்கிறீர்கள், பொறுங்கள்.

மூன்றாவது நச்சுயிரி. வெள்ளை ஈ கொண்டுவருவது. இலை சிறுத்து, மஞ்சள் ஓடி, நரம்பு தடித்து, செடி குட்டையாக நின்றுவிடும். இதற்கு மருந்து கிடையாது. மோர், சாம்பல், பெருங்காயம் என்று யார் என்ன சொன்னாலும் சரி, செடியைப் பிடுங்கி எடுத்துவிடுங்கள். மனசு கேட்காமல் வைத்திருந்தால் பக்கத்துத் தொட்டிகளுக்கும் வெள்ளை ஈ ஏற்றிவிடும்.

மதுரை, நம்ம ஊர்தான்: பூ நிறைய வருது, எல்லாம் உதிருது. தேமோர் கரைசல் (தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்கவைத்தது) கொடுக்கலாமா?

எந்த மாசம் என்று சொல்லவில்லையே தம்பி! சித்திரை வைகாசியில் பகல் 38, 40 என்று ஏறும்போது பூ நிற்காது. இராத்திரிச் சூடு தணியாவிட்டாலும் நிற்காது. பிற்பகலுக்கு மட்டும் நிழல்வலை போட்டு, காலையில் தண்ணீர் விட்டுக் காத்திருங்கள். சூடு இறங்கினால் தானாகப் பிடிக்கும். மற்ற மாசத்தில் உதிர்ந்தால் உரத்தைப் பாருங்கள். இலை கரும்பச்சையாகத் தளதளவென்று இருந்தால் தழைச்சத்து அதிகம். தேமோர் கொடுப்பதில் தப்பில்லை, பத்துக்கு ஒன்று தண்ணீரில் கலந்து தெளிக்கலாம். ஆனால் வெயிலில் உதிரும் பூவை அது நிறுத்தாது.

கோவை: குடைமிளகாய் பக்கத்தில் காந்தாரி வச்சா குடைமிளகாய் காரமாயிடுமாமே?

இந்த வருடக் காய் மாறாது, அதன் சதை தாய்ச்செடியுடையது. தேனீ மகரந்தத்தை மாற்றியிருந்தால், அந்தக் காயின் விதையைப் போட்டு வளர்த்த செடியில்தான் வித்தியாசம் தெரியும். விதைக்கு எடுப்பதாக இருந்தால், மொட்டாக இருக்கும்போதே அந்தக் கிளைக்கு மெல்லிய துணிப்பை கட்டுங்கள். காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, நூல் கட்டி அடையாளம் வைத்து, செடியிலேயே சிவக்க விடுங்கள்.

ஓசூர்: எங்க வீட்டு மிளகாயில் காரமே இல்ல.

முதலில் ரகம், அடுத்து தண்ணீர். காய் முற்றும் நேரத்தில் லேசாக வாடவிட்டுத் தண்ணீர் கொடுங்கள், காரம் ஏறும். காரம் இருப்பது விதையில் என்று நினைத்து விதையை மட்டும் கடித்துப் பார்க்காதீர்கள். விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில்தான் அது ஊறுகிறது.

டொராண்டோ: அக்கா, இங்க ஜூன் வரைக்கும் குளிர். ஊர் மிளகாய் வருமா?

வரும், வீட்டுக்குள்ளே ஆரம்பித்தால். மார்ச்சில் விதை போட்டு, விதைத்தட்டுக்கு அடியில் சூட்டுப்பாய் வையுங்கள், மேலே விளக்கு தினம் 14 மணி நேரம். மே கடைசியில் இராத்திரி 12, 13 டிகிரிக்குக் கீழே போகாத சமயம் பார்த்து வெளியே பழக்குங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு என்று ஒரு வாரம் பத்து நாள். நேரே வெயிலில் வைத்தால் இலை வெளுத்துவிடும். செப்டம்பரில் தொட்டியோடு உள்ளே தூக்கி, கிளையை வெட்டி, தண்ணீரைக் குறைத்து ஜன்னலோரம் வையுங்கள். மிளகாய் பல வருடச் செடி, அடுத்த கோடைக்குத் திரும்பத் துளிர்க்கும்.

நாகர்கோவில்: காந்தாரிப் பழம் பூரா கொண்டைக்குருவி கொத்திட்டுப் போகுது. அதுக்கு எரியாதா?

எரியாது. காரத்தை உணரும் அமைப்பு பறவைக்கு நம்மைப் போல் கிடையாது. அது எச்சமிடும் இடத்தில்தான் அடுத்த செடி முளைக்கிறது. பச்சையிலேயே பறித்துவிடுங்கள், அல்லது வலை போடுங்கள்.

விருதுநகர்: நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு எத்தனை செடி வேணும்?

பச்சைமிளகாய்க்கு நாலைந்து செடி. எல்லாவற்றையும் ஒரே நாளில் போடாமல், ஆடியில் மூன்று, புரட்டாசியில் இரண்டு என்று பிரித்துப் போடுங்கள்.