சயனைடு மேடும் மகளின் மெட்டலர்ஜி ஆசையும்

சார், மகள் மெட்டலர்ஜி, அதாவது உலோகவியல் படிக்க ஆசைப்படுகிறாள், விடலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தில் அவள் மார்க்கைவிட உங்கள் அப்பாவின் இருமல்தான் எனக்கு அதிகமாகக் கேட்டது. கோலார் தங்கச் சுரங்கத்தின் சாம்பியன் ரீஃபில் இறங்கி வேலை பார்த்தவரின் மகன், பிள்ளை மெட்டலர்ஜி என்றால் பதறத்தான் செய்வார். ஆனால் அவள் கேட்பது சுரங்கத்துக்குள் இறங்கும் வேலை இல்லை, மண்ணிலிருந்தும் கழிவிலிருந்தும் உலோகத்தைப் பிரிக்கும் வேலை.

உங்கள் ஊர் சயனைடு மேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2001 பிப்ரவரியில் கோலார் சுரங்கத்தை மூடினார்கள். அரைத்துத் தங்கம் எடுத்தது போக மிஞ்சிய மண் சுமார் 3 கோடி டன், காற்றடித்தால் உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறதே, அதுதான். டன்னுக்கு ஒரு கிராம் தங்கம்கூடத் தேறாது. அதையும் பிரிக்கலாம். மண்ணைக் கூழாக்கிச் சுண்ணாம்பு போட்டு, அப்புறம்தான் தங்கத்தைக் கரைக்கும் சயனைடைச் சேர்க்க வேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் விஷவாயு கிளம்பிவிடும். கரைந்த தங்கத்தைப் பிடிப்பது கரி, அதுவும் பெரும்பாலும் நம் கொட்டாங்குச்சிக் கரி! கடைசியில் மிஞ்சும் சயனைடை முறித்து, மண்ணைப் பத்திரமாக எங்கே சேர்ப்பது என்பதிலேயே பாதி மூளை செலவாகும்.

மகளிடம் ஒன்று கேளுங்கள். மயில்துத்த (காப்பர் சல்ஃபேட்) கரைசலில் ஆணியைப் போட்டால் செம்பு ஏன் ஒட்டுகிறது? அமெரிக்காவின் பட் நகரில், பெர்க்லி குழி என்ற பழைய செம்புச் சுரங்கத்தின் அமிலத் தண்ணீரைப் பழைய இரும்பின் மேல் ஓடவிட்டு அப்படித்தான் செம்பு எடுத்தார்கள்.

'கிரீன்' என்று பெயர் வைத்த புதுக் கோர்ஸ்கள் பக்கம் போகாதீர்கள். மெட்டலர்ஜி, இல்லையென்றால் கெமிக்கல். ஜே.இ.இ. மெயின் எழுதினால் சூரத்கல் என்.ஐ.டி.யில் பாதி இடம் உங்கள் கர்நாடக மாநிலத்துக்கு. பிறகு கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். ஆராய்ச்சியில் மனசு இருந்தால் புவனேஸ்வர் ஐ.எம்.எம்.டி., ஜாம்ஷெட்பூர் என்.எம்.எல். என்ற மத்திய அரசின் கனிம, உலோக ஆய்வகங்கள்.

மறைக்காமல் சொல்கிறேன், வேலை குறைவு. பி.டெக். முடித்ததும் கேம்பஸில் சாஃப்ட்வேர் கம்பெனிதான் முதலில் கூப்பிடும். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் தந்த முக்கியக் கனிமத் திட்டம் 16,300 கோடி. அதில் கழிவிலிருந்து உலோகம் எடுக்கும் முன்னோட்டத் திட்டங்களுக்கு 100 கோடி. கதவு திறந்திருக்கிறது, அகலமாக இல்லை. உங்கள் ஊர் மேட்டைத் தோண்ட 2024-இல் மாநில அரசு சம்மதித்தது உண்மைதான். அதை நம்பி மட்டும் கணக்குப் போடாதீர்கள். பேச்சு பல வருஷமாக நடக்கிறது.

அடுத்த வாரம் அவளையே பேசச் சொல்லுங்கள். அந்த ஆணிக் கேள்விக்குப் பதிலோடு.